எலும்புக்கும் உண்டு டெல்டா எல்!

கிரிக்கெட் ஆடி விழுந்தவன், பைக்கில் ஸீன் போட்டு விழுந்தவன், போன் பேசிக்கிட்டே ஹாஸ்டல் மாடிப்படியில் விழுந்தவன்... எப்படி விழுந்திருந்தாலும் சரி, காலில் மாவுக்கட்டோடு கிளாஸுக்கு வருகிற எல்லாரிடமும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்.

''எப்போ மச்சி கட்டு பிரிக்கிறாங்க?''

பதிலும் ரெடியா இருக்கும். ''ஆறு வாரம் சொல்லியிருக்காங்கடா!''

கவனிச்சீங்களா? கேள்வி எலும்பைப் பத்தி. பதில் காலண்டரைப் பத்தி!

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்கள். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் 'ஓகே, செட் ஆயிருச்சு' என்று கையெழுத்துப் போடுவதில்லை. கூடவே வார்த்து வைத்த க்யூபை மெஷினில் வைத்து உடைத்துப் பார்த்து, இத்தனை மெகாபாஸ்கல் என்று நம்பரை எழுதிய பிறகுதான் கையெழுத்து. ஒரு தூணுக்கே இந்த மரியாதை. ஒரு மனுஷனின் காலுக்கு?

'எலும்பை க்யூப் மாதிரி உடைச்சுப் பார்க்க முடியாதே பாஸ்' என்பீர்கள். கரெக்ட். ஆனால் உடைக்காமலே ஒன்றை அளக்கலாம். உடைந்த இரண்டு துண்டுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அசைகின்றன என்பதுதான் அது. அந்த அசைவு குறையக் குறைய எலும்பு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கேட்க ரொம்ப சிம்பிள். ஆனால் இதற்குள் நூறு வருஷச் சண்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. கூடவே, நாம் செகண்ட் இயரில் முட்டி மோதிப் படிக்கிற 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பரும்!

ஆட்டலாமா... ஆட்டக் கூடாதா?

முதலில் சண்டையைப் பார்த்துவிடுவோம். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். பரம்பரையாக எலும்பு கட்டுகிற குடும்பம். இன்றைக்கும் தொடை எலும்பு உடைந்தவர்களுக்குப் போடுகிற 'தாமஸ் ஸ்பிளின்ட்' இவர் பெயரில்தான் இருக்கிறது. இவருடைய கட்சி, ஓய்வு. முழுசா, இடைவெளி இல்லாம, ரொம்ப நாளைக்கு ஓய்வு. ஆட்டவே கூடாது!

இந்தப் பக்கம் பாரீஸில் லூக்கா ஷாம்பியோனியே என்ற சர்ஜன். இவர் நேர் எதிர்க் கட்சி. அசைவுதான் உயிர்; உடைந்த காலையும் மெதுவாக அசைக்கணும், பிடித்து விடணும் என்றார். அசையாமல் கட்டிப் போட்டால் எலும்பு ஒட்டும், ஆனால் மூட்டு இறுகி, சதை சூம்பிப் போய்விடும் என்பது அவர் வாதம்.

இரண்டு பேரும் பெரிய ஆட்கள். இரண்டு பேர் கையிலும் நோயாளிகள் குணமானார்கள். ஆனால் 'எவ்வளவு அசைவு?' என்று கேட்டால் இரண்டு கட்சியிடமும் நம்பர் இல்லை. நம்பர் இல்லாத இடத்தில் சண்டை முடியவே முடியாது. அஜித் பெரிசா, விஜய் பெரிசா மாதிரி!

20-ம் நூற்றாண்டில் சண்டை இன்னும் சூடானது. பிரஸ்ஸல்ஸில் ராபர்ட் டானி என்ற சர்ஜன், உடைந்த துண்டுகளை பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து இறுக்கி அழுத்திவிட்டால், சுற்றிலும் புடைப்பே இல்லாமல் எலும்பு நேராக ஒட்டுகிறது என்று 1949-ல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு 1958-ல் ஸ்விட்சர்லாந்தில் மாரிஸ் முல்லரும் அவருடைய நண்பர்களும் 'ஏ.ஓ.' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறுக்கிப் பிடி, துளிகூட அசையவிடாதே, ஆனால் மூட்டை மட்டும் சீக்கிரம் அசை. இதுதான் அவர்களுடைய ஆரம்ப கால ஃபார்முலா. ஆபரேஷன் தியேட்டரில் ஸ்பேனர், டிரில் பிட், டேப் எல்லாம் வந்து உட்கார்ந்தது. மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்புக்கும் ஆர்த்தோ தியேட்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது.

அதே காலத்தில் அமெரிக்காவின் மியாமியில் அகஸ்டோ சார்மியன்டோ என்ற டாக்டர், கீழ்க்கால் உடைந்தவர்களுக்கு ஆபரேஷனே இல்லாமல் முழங்காலுக்குக் கீழே கச்சிதமாக ஒரு கட்டுப் போட்டு, ''எழுந்து நட'' என்றார். எலும்புத் துண்டுகள் உள்ளே அசைந்தன. ஆனாலும் ஒட்டின. நல்லா பெரிய புடைப்போடு ஒட்டின!

இன்னொரு மூலையில், சோவியத் நாட்டின் குர்கான் நகரத்தில், கவ்ரில் இலிஸரோவ். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், அந்த வளையத்திலிருந்து எலும்பைக் குறுக்கே துளைத்துப் போகும் மெல்லிய கம்பிகள். பார்த்தால் சைக்கிள் ஸ்போக்ஸ் மாதிரி இருக்கும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஹை ஜம்ப் தங்கம் வாங்கிய வலேரி புருமெல், அடுத்த வருஷமே பைக் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். ஏகப்பட்ட ஆபரேஷன்களுக்குப் பிறகு கடைசியில் இலிஸரோவிடம் போனார். பிறகு மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்! அந்த மெல்லிய கம்பிகள் நடக்கும்போது கொஞ்சம் வளையும். அதனால் எலும்புத் துண்டுகள் மேலும் கீழுமாகக் கொஞ்சம் அசையும். 'அசையவே கூடாது' கட்சிக்கு இது பெரிய தலைவலி.

அப்போ யார் சொல்வது சரி?

நம்ம பேப்பர்தான் பாஸ்!

இங்கேதான் டெல்டா எல் என்ட்ரி கொடுக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் ஸ்டீஃபன் பெர்ரன் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களின் பின்பாதியில் ஒரு ஐடியாவை முன்வைத்தார். அசைவை மட்டும் பார்க்காதே. அந்த அசைவை, துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியால் வகு. அவ்வளவுதான். டெல்டா எல் பை எல். ஸ்ட்ரெயின்! யூனிட் டெஸ்ட்டில் இரண்டு மார்க் கேள்வி.

எதற்கு வகுக்கணும்? இடைவெளிக்குள் இருக்கிற திசுவுக்கு வலிக்கிற அளவு அதுதான். உடைந்த சில நாளில் அங்கே முளைப்பது கிராணுலேஷன் திசு. ஜவ்வு மாதிரி, தன் நீளத்துக்கு இரண்டு மடங்கு இழுத்தால்கூடத் தாங்கும், அதாவது 100 சதவிகிதம் ஸ்ட்ரெயின். அடுத்து குருத்தெலும்பு, அது சுமார் 10 சதவிகிதம் வரை. எலும்போ வெறும் 2 சதவிகிதத்தில் விரிந்து போய்விடும். தாங்க முடியாத இடத்தில் எந்தத் திசுவும் வளராது. இதுதான் பெர்ரன் சொன்னது.

இப்போ ஒரு கணக்கு. இரண்டு பேருக்குக் கால் உடைந்திருக்கிறது. இரண்டு பேர் காலிலும் துண்டுகள் 0.1 மில்லிமீட்டர் அசைகின்றன. முதல் ஆளுக்கு நேர்க்கோடாக உடைந்து, இடைவெளியும் 0.1 மி.மீ.தான். ஸ்ட்ரெயின் 100 சதவிகிதம். இரண்டாவது ஆளுக்கு எலும்பு நொறுங்கி, மொத்த இடைவெளி 5 மி.மீ. ஸ்ட்ரெயின் வெறும் 2 சதவிகிதம்!

எக்ஸ்-ரேயில் பார்த்தால் முதல் ஆளுக்கு 'சூப்பரா சேர்ந்திருக்கு' என்று தோன்றும். ஆனால் அதே அசைவு அவனுக்குத்தான் அதிக ஆபத்து. அதனால்தான் ஒரே கோடாக உடைந்த எலும்பை ஒன்று, இறுக்கி அழுத்தி அசைவைக் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆக்கணும். இல்லையென்றால் கொஞ்சம் இடம் விட்டுப் பிடிக்கணும். நடுவில் நின்றால் மாட்டிக்கொள்வோம். அதற்காக இடைவெளி பெரிசா இருந்தா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் லுட்ஸ் கிளேஸ் குழு செம்மறி ஆடுகளில் செய்த ஆராய்ச்சியில், இடைவெளி கூடக் கூட எலும்பு பாலம் போடத் திணறுவது தெரிந்தது. பெர்ரன் கணக்கு ரொம்ப எளிமையானது, இடைவெளிக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்ட்ரெயினும் அழுத்தமும் வேறுபடும் என்பதையும் அதே உல்ம் குழு பிறகு கம்ப்யூட்டர் மாடல் போட்டுக் காட்டியது. ஆனால் சண்டைக்கு முதல் தடவையாக ஒரு நம்பர் கிடைத்தது. அதுதான் முக்கியம்.

எலும்புக்குத் தெரிந்த ஷாஃப்ட் டிசைன்

ஒரு சந்தேகம் வரணுமே? எலும்பு 2 சதவிகிதம்தான் தாங்கும். ஆனால் உடைந்த புதிதில் அசைவு அதைவிட எக்கச்சக்கம். அப்போ எலும்பு முளைக்கிறதே எப்படி?

இயற்கை போடுகிற பிளானைப் பாருங்கள். முதலில் துண்டுகளின் முனையைக் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. இடைவெளி கூடுகிறது, வகுக்கிற எண் கூடுகிறது, ஸ்ட்ரெயின் குறைகிறது. அடுத்து, உடைந்த இடத்தைச் சுற்றி வெளியே ஒரு குண்டான மோதிரம் மாதிரி 'கேலஸ்' என்ற புடைப்பை வளர்க்கிறது. அதன் மெட்டீரியல் ஆரம்பத்தில் ரொம்ப சுமார் ரகம். ஆனால் வெளியே தள்ளி இருக்கிறதே!

ஷாஃப்ட் டிசைன் ஞாபகம் இருக்கா? வளைவை எதிர்க்கும் சக்தி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஒரு தண்டைச் சுற்றி அதைப் போல இரண்டு மடங்கு விட்டத்துக்கு ஒரு உறை போட்டால், அந்த உறைக்கு மட்டும் உள் தண்டைப் போல 15 மடங்கு பலம் (2-ன் நான்காம் படி 16, அதில் உள்ளே இருக்கும் 1 போக). உறையின் மெட்டீரியல் பத்தில் ஒரு பங்கு விறைப்புதான் என்று வைத்தாலும், முழு எலும்பைவிட ஒன்றரை மடங்கு வந்துவிடும். மட்டமான மெட்டீரியலை வைத்து நல்ல ஸ்ட்ரக்சர்! அசைவு குறைந்த பிறகு உள்ளே நிதானமாக நிஜ எலும்பு வளரும். வேலை முடிந்ததும், கட்டடம் கட்டி முடிச்சு சாரம் பிரிக்கிற மாதிரி, புடைப்பு மெள்ள மெள்ளக் கரைந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தப் புடைப்பு வளர்வதற்கு சிக்னலே கொஞ்சம் அசைவுதான். சுத்தமாக அசையவிடாமல் பிடித்துவிட்டால், 'இங்கே எல்லாம் ஓகே' என்று எலும்பு சும்மா இருந்துவிடும்.

தினமும் 17 நிமிஷம்

சரி, எவ்வளவு அசைவு? இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இங்கிலாந்தில் ஆலன் குட்ஷிப், ஜான் கென்ரைட் ஜோடி. முதல்வர் கால்நடை மருத்துவர், இரண்டாமவர் ஆக்ஸ்ஃபோர்டின் எலும்பு சர்ஜன். 1985-ல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில், செம்மறி ஆடுகளின் கீழ்க்கால் எலும்பில் 3 மி.மீ. இடைவெளி வைத்து, வெளியிலிருந்து ஃபிக்ஸேட்டர் போட்டுப் பிடித்தார்கள். தோலைத் துளைத்து எலும்பில் இறங்கும் பின்கள், அவற்றை வெளியே இணைக்கும் ஒரு பார். சில ஆடுகளுக்கு அப்படியே இறுக்கமாக விட்டார்கள். மற்ற ஆடுகளுக்குத் தினமும் ஒரு மெஷின் மூலம் 1 மி.மீ. மேலும் கீழும் அசைவு. மொத்தம் 500 தடவை, இரண்டு செகண்டுக்கு ஒன்று. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 17 நிமிஷம். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு!

அந்த 17 நிமிஷ ஆடுகளுக்குத்தான் எலும்பு நன்றாக ஒட்டியது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் நோயாளிகளிடமும் இதைச் செய்து பார்த்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். கீழ்க்கால் உடைந்தவர்களில், அளவாக அசைவு தரும் ஃபிக்ஸேட்டர் போட்டவர்களுக்கு, அசைவே இல்லாமல் இறுக்கிப் போட்டவர்களைவிட சீக்கிரம் குணமானது.

'அப்போ நிறைய ஆட்டினா இன்னும் சீக்கிரம் ஒட்டுமா?' அதுதான் இல்லை. அசைவு அளவு மீறினால் கெடுதல். அதே அசைவை ஆரம்ப வாரங்களில் தந்தால் நன்மை, ரொம்ப லேட்டாக ஆரம்பித்தால் கெடுதல். மாத்திரை மாதிரிதான். டோஸும் முக்கியம், நேரமும் முக்கியம். லிவர்பூல்காரரும் பாரீஸ்காரரும் ஆளுக்குப் பாதி சரி!

எப்படி அளப்பாங்க?

டோஸ் என்று வந்துவிட்டால் அளந்துதானே ஆகணும். எக்ஸ்-ரே போதாதா? எக்ஸ்-ரே காட்டுவது நிழல். எங்கே சுண்ணாம்புச் சத்து சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. ஒரே எக்ஸ்-ரேயைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பதில் சொல்வதும் சகஜம்.

இங்கே நம்ம லேபில் இருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் உதவிக்கு வருகிறது. தபால்தலையைவிடச் சின்னதான ஒரு ஃபாயில். இழுத்தால் ரெசிஸ்டன்ஸ் மாறும். அதை ஃபிக்ஸேட்டர் பாரில் ஒட்டி, வீட்ஸ்டன் பிரிட்ஜில் இணைத்துவிட்டால், நோயாளி காலை ஊனும்போது பார் எவ்வளவு வளைகிறது என்று தெரியும். பிரஸ்ஸல்ஸில் ஃபிரான்ஸ் பர்னி என்ற சர்ஜன் இந்த வழியில் முன்னோடி.

லாஜிக் ரொம்ப அழகு. இரண்டு பேர் சேர்ந்து பீரோ தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் காய்ச்சலில் எழுந்து வந்தவன். முதலில் மொத்த வெயிட்டும் இன்னொருத்தன் கையில். இவனுக்குத் தெம்பு வர வர, அவன் கை லேசாகும். இங்கே காய்ச்சல்காரன் எலும்பு, இன்னொருத்தன் பார். இரண்டு ஸ்பிரிங்குகள் பேரலலில்! வாரா வாரம் அதே வெயிட்டை ஊனச் சொல்லி, பாரின் ஸ்ட்ரெயினைக் குறித்து வந்தால், கிராஃப் இறங்கிக்கொண்டே வரும். எலும்பு சுமையை வாங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கிராஃப் இறங்காமல் அப்படியே நின்றால், எலும்பு ஒட்டாமல் நிற்கிறது என்று பல வாரம் முன்னாடியே உஷாராகலாம்.

ஆனால் துண்டுகள் ஒரே திசையில் அசைவதில்லை. மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று நகர்வு. மூன்று அச்சிலும் திரும்பல். மொத்தம் ஆறு. எல்லாவற்றையும் ஒரே கேஜ் சொல்லாது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் கோரான் செல்விக் 1970-களில் உருவாக்கிய முறை இங்கே கைகொடுக்கிறது. கடுகைவிடச் சின்ன டான்டலம் உலோக மணிகளை ஒவ்வொரு எலும்புத் துண்டிலும் குறைந்தது மூன்று பதித்துவிடுவார்கள். பிறகு இரண்டு எக்ஸ்-ரே குழாய்கள், இரண்டு கோணத்திலிருந்து, ஒரே நேரத்தில் படம் எடுக்கும். சர்வேயில் இரண்டு இடத்திலிருந்து கோபுரத்தைப் பார்த்து தூரம் கண்டுபிடிக்கிற அதே வித்தை. கால் மேல் வெயிட் வைக்காமல் ஒரு படம், வைத்து ஒரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அசைவு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடித்துவிடும்!

212 பேர்... 8... 0!

'இவ்வளவு கஷ்டப்பட்டு அளந்து என்ன கிழிச்சாங்க?' என்று கேட்பவர்களுக்கு ஒரு ரிசல்ட்.

ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸன், கென்ரைட் குழு 1994-ல் வெளியிட்டது. கீழ்க்கால் எலும்பு உடைந்து, எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர் போட்ட 212 பேர். இதில் 117 பேருக்கு, டாக்டர் வழக்கம்போலப் பரிசோதித்து, 'ஓகே, ஒட்டிருச்சு' என்று முடிவு செய்து ஃபிக்ஸேட்டரைக் கழற்றினார். மற்ற 95 பேருக்கு, முறிந்த இடத்தின் விறைப்பை அளந்தார்கள். ஒரு டிகிரி வளைக்க 15 நியூட்டன் மீட்டர் தேவை என்ற அளவை எட்டிய பிறகுதான் கழற்றினார்கள்.

15 நியூட்டன் மீட்டர்னா எவ்வளவு? முறிந்த இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு. அதற்கு ஒரு டிகிரிக்கு மேல் வளையக் கூடாது.

முடிவு? அளக்காத 117 பேரில் 8 பேருக்கு எலும்பு திரும்பவும் உடைந்தது. அளந்த 95 பேரில் ஒருத்தருக்குக்கூட இல்லை. பூஜ்யம்!

'அளந்தவங்களுக்கு எக்ஸ்ட்ராவா ரெண்டு மாசம் கட்டி வெச்சிருப்பாங்க, அதான் உடையலை' என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். ஊன்றுகோல் இல்லாமல் தனியாக நடக்க அளக்காதவர்களுக்கு ஆன காலம் (மீடியன் கணக்கில்) 24 வாரம். அளந்தவர்களுக்கு 21.7 வாரம். முன்னாடியே நடந்தார்கள், உடையவும் இல்லை!

யோசித்தால் புரியும். நம்பர் இல்லாத டாக்டர் இரண்டு பக்கமும் தடுமாற வேண்டியிருக்கிறது. ஒட்டின ஆளை 'எதுக்கும் இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டும்' என்று காக்க வைக்கிறார். ஒட்டாத ஆளை 'பார்த்தா நல்லாத்தான் இருக்கு' என்று அனுப்பிவிடுகிறார். அவருக்குத் திறமை இல்லாததால் அல்ல, கையில் அளவுகோல் இல்லாததால். அந்த 8 பேர் யாராகவும் இருக்கலாம். ஒரு செமஸ்டர் போய், அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜில் கண்டொனேஷன் கட்டி, ஒருவழியாக காலேஜுக்குத் திரும்பின முதல் வாரத்தில் அதே இடத்தில் மறுபடி 'டப்' என்றால் எப்படி இருக்கும்? தினக்கூலிக்குப் போகிறவர் என்றால் இன்னும் கொடுமை. அவருக்கு இரண்டு வாரம் தாமதம் என்பதே இரண்டு வாரக் கூலி.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

நியாயமான கேள்வி. முதல் காரணம், அந்த 15 என்கிற நம்பர் கீழ்க்கால் எலும்புக்கு, வெளியில் பார் போட்டவர்களுக்கு. தொடைக்கும் தோள்பட்டைக்கும் அதை அப்படியே தூக்கிப் போட முடியாது.

இரண்டாவது காரணம்தான் பெரிசு. பார் வெளியே இருந்தால் கேஜ் ஒட்டலாம், கழற்றி மாட்டிப் பார்க்கலாம். ஆனால் இன்றைக்குக் கீழ்க்காலோ தொடையோ உடைந்தால் பெரும்பாலும் எலும்புக்குள்ளேயே ராடு இறக்கிவிடுகிறார்கள், இல்லை உள்ளேயே பிளேட் வைக்கிறார்கள். நோயாளிக்கு அது நல்லது. பின் வழியாக வரும் இன்ஃபெக்‌ஷன் தொல்லை இல்லை, பேன்ட் போடலாம், தூங்கலாம். ஆனால் அளக்கிற ஜன்னல் மூடிக்கொண்டது! வைத்தியம் முன்னேறியது, அளவு பின்தங்கியது.

அளக்காததன் விலை பிளேட்டிலும் தெரிந்தது. ஸ்குரூவும் பிளேட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 'லாக்கிங் பிளேட்' வந்தபோது உறுதி அதிகம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் அதைப் போட்டவர்களின் எக்ஸ்-ரேக்களை ஆராய்ந்த ஒரு அமெரிக்கக் குழு, பிளேட்டுக்கு அடியில் புடைப்பு குறைவாகவும், எதிர்ப்பக்கம் கூடுதலாகவும் வளர்வதை 2010-ல் எழுதியது. காரணம் நமக்கே தெரியும். பிளேட்டை ஒட்டிய பக்கம் அசைவு போதவில்லை! அதே ஆராய்ச்சிக் குழுவின் மைக்கேல் பாட்லாங், ஸ்குரூவின் தண்டைக் கொஞ்சம் மெலிதாக்கி, அருகில் இருக்கும் எலும்புச் சுவரைத் தொடாமல் தூரச் சுவரை மட்டும் பிடிக்கிற மாதிரி டிசைன் செய்தார். ஸ்குரூ லேசாக வளையும். இரண்டு பக்கமும் சமமாக அசைவு கிடைக்கும். ஆடுகளில் செய்த சோதனையில் புடைப்பும் பெரிசு, பலமும் அதிகம். ஒரு ஸ்குரூவின் தடிமனை மாற்றியதில் வந்த வித்தியாசம் இது.

மூடின ஜன்னலைத் திறக்கிற வேலையும் நடக்கிறது. டாவோஸின் ஏ.ஓ. ஆராய்ச்சி மையத்தில், பிளேட்டோடு சேர்த்து உடம்புக்குள் வைக்கக்கூடிய குட்டி டேட்டா லாகர் ஒன்றை உருவாக்கி ஆடுகளில் சோதித்திருக்கிறார்கள். பிளேட் மேல் விழும் சுமையை நாள் முழுக்க அதுவே குறித்துக்கொண்டு, வயர் இல்லாமல் வெளியே அனுப்பும். பழைய பீரோ லாஜிக்தான், புது டப்பாவில்! ஆனால் ஒரு சென்சாரை உடம்புக்குள் வைப்பதென்றால் பேட்டரி, சீலிங், விலை என்று ஆயிரம் கேள்விகள். இதற்கெல்லாம் பதில் சொல்ல டாக்டர்கள் மட்டும் போதாது. இ.சி.இ.யும் மெக்கும் பயோ மெடிக்கலும் ஒரே டேபிளில் உட்காரணும்.

உங்களுக்கு ரெண்டு விஷயம்

ஒன்று, கால் உடைந்தவர்களுக்கு. டாக்டர் 'பாதி வெயிட் ஊனுங்க' என்று சொன்னால் அது சும்மா சொல்வதில்லை. அது டோஸ். பாதின்னா எத்தனை கிலோன்னு அவரிடமே கேளுங்கள். வீட்டில் வெயிட் பார்க்கிற மெஷின் மேல் அந்தக் காலை வைத்து, முள் அந்த நம்பரில் நிற்கிற வரைக்கும் அழுத்திப் பார்த்தால், எவ்வளவு ஊனணும் என்று காலுக்குப் பழகிவிடும். 'வலிக்கலையே' என்று முழுசாக ஊனுவதும் தப்பு, பயந்துகொண்டு தரையிலேயே வைக்காமல் தூக்கித் திரிவதும் தப்பு. ஏன் என்று இப்போ உங்களுக்கு டெல்டா எல் வரைக்கும் தெரியும்.

இரண்டு, மினி புராஜெக்ட் தேடி அலைகிறவர்களுக்கு. ஒரு பி.வி.சி. பைப்பை இரண்டாக அறுங்கள். வெளியே ஒரு அலுமினியம் பட்டையை ஸ்குரூ போட்டு இரண்டு துண்டையும் இணையுங்கள். பட்டையில் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ். நடுவில் உள்ள இடைவெளியில் முதலில் ஸ்பாஞ்ச், அடுத்து ரப்பர், அடுத்து மரக்கட்டை என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே வெயிட்டை மேலே ஏற்றுங்கள். ஸ்பாஞ்சில் ஆரம்பித்து மரக்கட்டை வருவதற்குள் மீட்டரில் ரீடிங் எப்படி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த ஒரு கால் ஒட்டிக்கொண்டு வருவதை ஒரே மத்தியானத்தில் பார்த்துவிடலாம். செலவு, ரெண்டு சினிமா டிக்கெட் காசுக்கு மேல் போனால் கேஜை லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் மட்டும் நல்ல பிள்ளையாகக் கேட்கணும்!